நீல அறையில் தூங்கியவர்கள்

நீல அறையில் மூன்று இரவுகளில் நான்கு பேர் தங்கியிருந்தார்கள். நான்கு பேருமே "நன்றாகத் தூங்கினேன், மிக்க நன்றி" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். குறைகள் ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு எதிரே மூவர் கோடு போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் "தேநீர் சற்று அதிகமாகவே கிடைத்தது" என்று எழுதியிருந்தார்.

அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான். பெயர் மார்சலி. அபர்டீனில் வேதியியல் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு தோர்சே தீவுக்குத் திரும்பி வந்தேன். அப்போதுதான் தீவு அறக்கட்டளை இங்குள்ள கோட்டையை அதன் பழைய உரிமையாளர் குடும்பத்திடமிருந்து வாங்கியிருந்தது. ஐந்து அறைகளைச் சரிசெய்து மே மாதம் முதல் வெளியூர்க்காரர்களைத் தங்கவைப்பதாகத் திட்டம். அதற்கு முன் ஏப்ரலில் தீவுக்காரர்களே சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் இரவு தங்கிப் பார்த்துக் குறைகளைச் சொல்லவேண்டும். குறைகளைச் சேகரிப்பது என் வேலை.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. அதனால் படிவம் அடித்தேன். படிவத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு அறையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்தேன். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அது வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை அந்தப் பதிவுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஆள் தூங்கும் அறையில் ஈரப்பதம் இரவு முழுக்க மெல்ல ஏறும். மூச்சுக் காற்றில் நீர் இருக்கிறது. மற்ற நான்கு அறைகளிலும் அப்படித்தான் ஏறியிருந்தது. நீல அறையில் புதன்கிழமை இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கிய கோடு பதினொன்றேகாலுக்கு நின்றுவிட்டது. அதன்பின் விடியும்வரை தரையோடு தரையாகக் கிடந்தது. காலை ஆறரைக்கு மறுபடி கொஞ்சம் எழுந்தது. வெப்பம் நள்ளிரவிலிருந்து ஆறு டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை.

அந்த இரவு அங்கே தங்கியவர்கள் நண்டு ஃபின்லேயும் அவர் மனைவி ஷோனக்கும். தீவில் ஃபின்லே என்ற பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள். இவர் நண்டும் கல்இறாலும் பிடிப்பவர்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். ஃபின்லே நண்டுக் கூடுகளுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். ஷோனக் படகுக்குள் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஃபின்லே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு, கேளு. நீ வாயத் தொறக்கறதே வருஷத்துக்கு ஒரு தடவ."

தாளை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, மலையா?"

"ஈரப்பதம். ஆள் மூச்சு விட்டா ஏறும். இங்க பதினொண்ணே காலுக்கு நின்னுடுது."

ஃபின்லே தாளிலிருந்த வரைகோட்டின் மேல் விரலை ஓட்டினார். பிறகு படகுப் பக்கம் திரும்பினார்.

"ஷோனக், நாம செத்துப் போயிட்டமாம். புதன்கிழம ராத்திரி பதினொண்ணே காலுக்கு."

ஷோனக் தலையைத் தூக்கினாள். "நாயையாவது அங்க விட்டுட்டு வரலாம்னு நான் சொன்னேன்ல?"

அதற்குப் பிறகு இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அந்த அறையின் குளிரைப் பற்றி ஃபின்லே சொன்னபோது குரலில் ஒரு மரியாதையே இருந்தது. ஜனவரியில் நடுக்கடலில்கூட அப்படி நடுங்கியதில்லையாம். அவர் பல் அடித்துக்கொண்ட சத்தத்தில் ஷோனக்குக்குத் தூக்கம் வரவில்லை. காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கி, பத்து நிமிடம் நடந்து, வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறார்கள். காலையில் எல்லோருக்கும் முன்னால் திரும்பி வந்து, படுக்கையில் புரண்டு அதைக் கலைத்துவிட்டு, காலை உணவுக்கு இறங்கியிருக்கிறார்கள்.

"படிவத்துல எழுதியிருக்கலாமே," என்றேன்.

"நீ எழுதுவியா?" என்றாள் ஷோனக். "அவ வெந்நீர்ப் பைய ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வாசல்ல நிக்கறா. 'இந்த வீட்டுலயே நல்ல ரூம் இதுதான், உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்'ங்கறா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எழுதுவியாடி?"

"மாட்டேன்."

"அப்ப எங்கள என்ன கேக்கற?"

அவள் சொன்ன முகம் டோலினாவுடையது. டோலினாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பதினாறு வயதில் கணப்பு மூட்டும் பெண்ணாகக் கோட்டைக்குள் வந்தார். பிறகு சமையல். பழைய குடும்பம் வருவதை நிறுத்தியபின் சாவிக்கொத்து அவரிடம் வந்தது. இப்போது அறக்கட்டளைக்காகக் கோட்டையை நடத்துபவரும் அவர்தான். வாயிலருகே உள்ள சிறிய வீட்டில் தனியாக இருக்கிறார். "படுத்துக்கிட்டுதான் இந்த வாசலத் தாண்டுவேன், நாலு பேர் தூக்கிட்டுப் போகணும்," என்று விளையாட்டாகச் சொல்வார்.

அது விளையாட்டாகவே இருக்குமா என்பது வரப்போகும் வியாழக்கிழமையைப் பொறுத்திருந்தது. அன்று ஸ்டர்லிங்கிலிருந்து, விடுதிகளைச் சோதித்துத் தரச்சான்று வழங்கும் திருமதி ஹார்க்னஸ் என்பவர் வந்து ஓர் இரவு தங்குவார். அவர் சான்றிதழ் கொடுத்தால் விருந்தினர் வருவார்கள். கொடுக்காவிட்டால் எடின்பரோவில் திருமணங்கள் நடத்திக்கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கோட்டையைக் குத்தகைக்கு விடுவதாக நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது. அவர்கள் சமையல்காரரிலிருந்து காவலாள்வரை சொந்த ஆட்களைக் கொண்டுவருவார்கள். வாயில் வீட்டையும் கேட்டிருந்தார்கள்.

திருமதி ஹார்க்னஸுக்கு டோலினா நீல அறையை ஒதுக்கியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மாலைக்குள் நீல அறையில் தங்கிய மற்ற இருவரையும் விசாரித்துவிட்டேன். தபால்காரர் ரோரி குளியலறைத் தொட்டிக்குள் தலையணைகளைப் போட்டுத் தூங்கியிருந்தார். வெந்நீர்க் கலன் அந்தச் சுவருக்குள் இருக்கிறது, அதனால் இதமாக இருந்தது என்றார். "குழாய் மட்டும் முதுகுல குத்திச்சு. வேற ஒரு குறையும் இல்ல." பள்ளி ஆசிரியை மோராக் சமையலறை அடுப்பருகே உட்கார்ந்து விடியவிடியப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியிருந்தார். அந்த வாரம் எல்லோருக்குமே மதிப்பெண் குறைந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

டோலினாவிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது நால்வரும் என்னையே பார்த்தார்கள். "உன்கிட்டதான் பேப்பர் இருக்கு," என்றார் ஃபின்லே.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் வாயில் வீட்டுக் கதவைத் தட்டினேன். காற்று மேற்கிலிருந்து வடக்குக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். மாலையில் மறுபடி போனேன். அவர் சுடச்சுட ஸ்கோன் ரொட்டி கொடுத்தார். வாய் நிறைய ஸ்கோனை வைத்துக்கொண்டு நல்ல சேதியைக்கூடச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை சமையலறையில் அவர் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தபோது, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"டோலினா, இன்னிக்கு ராத்திரி நீங்க நீல அறைல தங்கணும்."

கரண்டி நின்றது. "யாரு?"

"நீங்கதான். விருந்தாளியா. தீவுல எல்லாரும் தங்கியாச்சு. உங்க படிவம் மட்டும்தான் பாக்கி."

"எனக்கெதுக்குக் கண்ணு படிவம்? அந்த ரூம்ல எந்தப் பலகை முனகும்னு எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அந்தக் கணப்ப மூட்டியிருக்கேன்."

"மூட்டியிருக்கீங்க. படுத்ததில்லயே."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இவ்வளவு பேசியதே அவருக்கு ஏதோ விபத்து போலத் தோன்றியிருக்கவேண்டும்.

"நான் அங்க படுத்தா எனக்கு யாரு கணப்பு மூட்டறது?"

"நான்."

"உனக்குத் தெரியுமா?"

"எரிதல்னா என்னன்னு நாலு வருஷம் படிச்சிருக்கேன்."

"அதான் பயமா இருக்கு," என்றார் டோலினா.

ஆனாலும் அன்று மாலை ஏழு மணிக்குத் தேவாலயத்துக்குப் போடும் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் சிறு பெட்டியுடன், முன்வாசல் மணியை அடித்தார். அந்த மணியை அவர் அடித்து நான் கேட்டதில்லை. நான் கதவைத் திறந்து பெட்டியை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. கொஞ்சம் இழுபறி நடந்தது. கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பெரிய படிக்கட்டில் ஏறினோம். பெட்டியில் கனமே இல்லை.

நீல அறை அழகான அறை. அதில் சந்தேகமில்லை. சாளரத்துக்கு வெளியே கடலைத் தவிர ஒன்றுமில்லை. நீலப் பட்டுத் திரைகள் தரைவரை தொங்கும். நான் மூட்டிய நெருப்பு மூன்றாவது முயற்சியில் பிடித்தது. டோலினா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "கரிய இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளு. இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. நான் விருந்தாளி."

வெந்நீர்ப் பையைக் கொடுத்துவிட்டு இறங்கிவந்து, சமையலறைக்கு மேலே இருக்கும் சிறிய அறையில் படுத்தேன். முன்பு வேலைக்காரப் பெண்கள் தங்கிய அறை. இப்போது போர்வைகளை அடுக்கிவைத்திருக்கிறோம். அடுப்பின் புகைபோக்கி அதன் சுவருக்குள்ளாக மேலே போகிறது. படுத்த உடனே தூங்கிப்போனேன்.

காலை ஆறு மணிக்குத் தேநீருடன் மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"வா கண்ணு."

டோலினா கட்டிலில்தான் இருந்தார். கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். மூன்று போர்வைக்கு மேல் தரைவிரிப்பு. அதற்கு மேல் நீலப் பட்டுத் திரைகளில் ஒன்று. மூக்கு சிவந்திருந்தது. வாயிலிருந்து ஆவி வந்தது.

"எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா," என்றார் டோலினா.

நான் தேநீர்த் தட்டை நீட்டினேன். அவர் தரைவிரிப்புக்கு அடியிலிருந்து ஒரு கையை நீட்டினார். கையில் கையுறை இருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"நாலு பேர் தூங்கினாங்களே இங்க," என்றார், மெதுவாக.

"யாரும் தூங்கல டோலினா."

எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தோன்றியது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். குளியல் தொட்டியைப் பற்றிச் சொன்னபோதுகூடச் சிரிக்கவில்லை. தேநீரைப் பாதி குடித்துவிட்டு, சாம்பலாகிப் போன கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்டுப் பழைய எஜமானியம்மா," என்றார் பிறகு, "ஆகஸ்டுல வந்து இந்த ரூம்லதான் தங்குவாங்க. காலைல அஞ்சரைக்கு நான் மூட்ட வரும்போது முழிச்சுக்கிட்டுதான் இருப்பாங்க. ரோமக் கோட்டோட. பெரிய வீட்டுக்காரங்க கோட்டோடதான் தூங்குவாங்க போலன்னு நெனச்சேன். எங்கம்மாகிட்டகூடச் சொல்லியிருக்கேன். 'நன்றி டோலினா, அருமையா தூங்கினேன்'னு தினமும் சொல்வாங்க. பதினோரு வருஷம்."

"அவங்களும் உங்ககிட்டச் சொல்ல முடியாமத்தான்..."

"அவங்க வீடுடி அது," என்றார் டோலினா. அப்போதுதான் முதல்முறையாக வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கீழே அடுப்பருகே உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தபின் அவருக்கு நிறம் திரும்பியது. கோபமும் வந்தது. "ஃபின்லே வரட்டும். என் கையால பன்றிக் கொத்துக்கறி வறுத்துக் கொடுத்தேன். மூணு தட்டு தின்னான். ராத்திரி பூரா வீட்டுல தூங்கிட்டு வந்து."

"திருமதி ஹார்க்னஸ எங்க படுக்க வைக்கறது?" என்றேன்.

மற்ற நான்கு அறைகளிலும் வெள்ளிக்கிழமையிலிருந்து வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் வாடை. யாரும் தூங்க முடியாது.

"நேத்து நான் படுத்த ரூம் இருவது டிகிரி இருந்தது," என்றேன்.

அவருக்குப் புரியச் சிறிது நேரமானது. புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணு, அது வேலைக்காரி ரூம். நான் படுத்த ரூம். கட்டில் இவ்வளவு அகலம்தான். ஜன்னல்ல தெரியறது கோழிக்கூண்டு. சான்றிதழ் கொடுக்கறதுக்குன்னு ஒருத்தங்க கடலத் தாண்டி வராங்க, அவங்களக் கொண்டுபோய்ப் பின்படிக்கட்டுல ஏத்துவேனா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர்தான் வீட்டுக்குப் போய்த் தூங்கிடுச்சே."

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டார். ஆனால் பத்து மணிக்கு நான் போனபோது அந்தச் சிறிய அறையிலிருந்த போர்வைகளை எல்லாம் வெளியே எடுத்து அடுக்கியிருந்தார்.

ஊர் அன்று மதியமே வந்தது. செய்தி எப்படிப் போயிற்று என்று தெரியாது, நான் சொல்லவில்லை. ஃபின்லே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றார். டோலினா அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் சுண்ணாம்பு வாளியைக் கொடுத்தார். ரோரி நீல அறையின் பெரிய கட்டிலைக் கழற்றிக் கொண்டுவரப் பார்த்தார். பின்படிக்கட்டுத் திருப்பத்தில் தலைப்பலகை மாட்டிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. ஒரு மணி நேரம் அவர் மேலேயே இருக்கவேண்டியதாயிற்று. ஷோனக் அவருக்குக் கீழேயிருந்து தேநீரைக் கம்பில் கட்டிக் கொடுத்தாள். "குளியல் தொட்டிய அனுப்பட்டுமாடா?" என்றும் கேட்டாள். கடைசியில் பழைய இரும்புக் கட்டிலே இருக்கட்டும் என்று விட்டார்கள். மோராக் தன் வீட்டிலிருந்து புது மெத்தை கொண்டுவந்தார். கோழிக்கூண்டை நகர்த்தினார்கள். அதற்குப் பின்னால் கொஞ்சம் கடல் இருந்தது.

வியாழக்கிழமை கப்பல் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. திருமதி ஹார்க்னஸ் சிறிய உருவம். மழைக் கோட்டின் பையில் குறிப்பேடு. முன்கூடத்தில் நின்று கூரையை ஒருமுறை பார்த்தார், தரையை ஒருமுறை பார்த்தார், எழுதிக்கொண்டார். ஃபின்லேயும் ரோரியும் அவர் பெட்டியைத் தூக்கிவந்த சாக்கில் கதவருகே நின்றார்கள்.

"உங்க கடிதத்துல நீல அறைன்னு போட்டிருந்தது," என்றார் திருமதி ஹார்க்னஸ். "கடல் பாத்த மாதிரி."

டோலினா வெள்ளை ஏப்ரன் கட்டியிருந்தார். பதிலை நாங்கள் முன்பே தயாரித்திருந்தோம். நீல அறையில் குழாய் வேலை நடக்கிறது என்று சொல்லவேண்டும். செவ்வாய் இரவு அதை நான் அவருக்கு இரண்டுமுறை சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"அந்த ரூம் குளிரும்," என்றார் டோலினா.

ரோரியின் கையிலிருந்து பெட்டி நழுவியது.

"நடுங்கும்," என்றார் மறுபடி. "யாராலயும் தூங்க முடியல. நானே படுத்துப் பாத்தேன். திரைய எடுத்துப் போத்திக்கிட்டேன். அழகான ரூம், பகல்ல காட்டறேன், பாத்துக்கோங்க. ஆனா அங்க உங்களப் படுக்க வைக்க மாட்டேன்."

தன் வீட்டைப் பற்றி ஒருவர் வெளியாளிடம் இப்படிப் பேசித் தோர்சேயில் யாரும் கேட்டதில்லை. ஃபின்லே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமதி ஹார்க்னஸ் பேனாவைக் குறிப்பேட்டின் மேல் வைத்தபடி டோலினாவைப் பார்த்தார். எழுதவில்லை.

"அப்போ தூங்கற மாதிரி ரூம் எது?"

"நான் பதினாலு வருஷம் தூங்கின ரூம். சின்னது. அடுப்புக்கு மேல இருக்கு. வேலைக்காரங்க படிக்கட்டுல ஏறணும்."

"காட்டுங்க," என்றார் திருமதி ஹார்க்னஸ்.

அந்த மாலை அவர் எல்லாவற்றையும் பார்த்தார். குழாய்களைத் திறந்து மூடினார். அலமாரிக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தார். நீல அறையில் ஐந்து நிமிடம் நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். இரவு உணவின்போது ஆட்டு இறைச்சிச் சூப்பை இன்னொருமுறை கேட்டு வாங்கினார். அது நல்லதா கெட்டதா என்று டோலினாவும் நானும் பாத்திரம் கழுவும்போது விவாதித்தோம். படுக்கப் போகும் முன் சமையலறைக் கதவில் நின்று, "காலை உணவு சரியா எட்டு மணிக்கு. பத்துமணிக் கப்பல நான் விட முடியாது," என்றார்.

டோலினா ஐந்துக்கே எழுந்து அடுப்பைப் பார்த்தார். எட்டு மணிக்கு எல்லாம் தயார். எட்டேகாலுக்கு முட்டையை மாற்றிப் புதிதாகப் போட்டார். எட்டரைக்கு, மேலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று தட்டை எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டில் ஏறினார். நான் தேநீர்க் கூஜாவுடன் பின்னால் போனேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கேட்டது. சீரான, ஆழமான குறட்டை. அவ்வளவு சிறிய உருவத்திலிருந்து வருமென்று நம்ப முடியாத குறட்டை.

"தட்டட்டுமா?" என்று கிசுகிசுத்தேன். "கப்பல்..."

"ரோரிகிட்டச் சொல்லி அனுப்பு, கப்பல்காரங்க கொஞ்சம் நிப்பாங்க. நிக்கலன்னா நாளைக்குப் போகட்டும். தட்டாத."

அவர் மேல்படியில் மெல்ல உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஏப்ரனின் நுனியால் கண்ணைத் துடைத்தார். உள்ளே குறட்டை ஒரு நொடி நின்றது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மறுபடி தொடங்கியது, முன்னைவிட உரக்க.

"இது ஆறிடும்," என்றார் டோலினா. முட்டையை இரண்டாக வெட்டி, ரொட்டியின் மேல் வைத்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். "சாப்பிடு. அவங்களுக்கு வேற போட்டுக்கலாம்."